கட்டையை விடாத இரும்பு

மறுநாள் காலை என் மனைவிக்கு மாநில அணிக்கான துப்பாக்கி சுடும் தேர்வு. அவளுடைய துப்பாக்கியின் இரும்போ, அதைத் தாங்கும் மரக்கட்டையை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

மழை தொடங்கியதிலிருந்தே அவள் சுட்ட குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தன. திருவனந்தபுரத்து ஈரத்தில் மரக்கட்டை ஊதிவிட்டது. அதில் உட்கார்ந்திருந்த இரும்பு ஒவ்வொரு வெடிக்கும் துளி நகர்ந்தது. கட்டையின் குழியில் எபாக்ஸி பசையை ஊற்றி இரும்பை அழுத்தி வைத்தால், பசை அதன் அச்சிலேயே இறுகும். பிறகு இரும்பைக் கழற்றித் துடைத்து, திருகிப் பூட்ட வேண்டியதுதான். சமையலறை அலமாரி செய்து பிழைக்கிற எனக்குப் பசை புதிதல்ல. அந்தத் திமிரில் முந்தின நாள் வேலையில் இறங்கினேன்.

இரும்பில் பசை ஒட்டாமலிருக்க முதலில் மெழுகு பூச வேண்டும். டப்பா காலி. அவள் கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து நீட்டினாள். எங்கள் வீட்டில் தலைக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. பசை எண்ணெயை மதிக்காமல் இரும்பைக் கவ்விக்கொண்டது.

இப்போது கிளப்பின் ஆயுத அறையில் நின்று மரச்சுத்தியலால் தட்டித் தட்டி என் கை ஓய்ந்துவிட்டது. அறைப் பொறுப்பாளர் பூட்டும் நேரமாயிற்று என்று மலையாளத்தில் முனகிக்கொண்டு சாவிக்கொத்தை ஆட்டினார். உளியால் கட்டையைப் பிளந்தால் இரும்பு வந்துவிடும். ஆனால் நாளைக்குச் சுடக் கட்டை இருக்காது. எண்ணெய் மேல் எரிச்சல், அவள் மேல் எரிச்சல், அந்தச் சாவிச் சத்தத்தின் மேல் அதைவிட எரிச்சல். உளியை எடுத்தேன்.

"அத கீழ வையுங்க," என்றாள். "ஐஸ்ல வச்சா இரும்பு சுருங்கும் அல்லே?"

கேன்டீனில் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. பொறுப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் துப்பாக்கியைத் தனியே விட முடியாதென்று கூடவே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றார். விறைத்துப்போனதை வெளியே எடுத்ததும் நான் குழலைப் பிடித்துக்கொண்டேன். என்னை நம்பாமல் அவளே சுத்தியலை வாங்கிக் கட்டையில் தட்டினாள். படாரென்று ஒரு சத்தம். மரம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டையில் கீறல்கூட இல்லை. இரும்பு என் கையில் இருந்தது.

துடைத்துப் பூட்டினோம். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் அவள் விரலை வைத்துக்கொள்ள, நான் முன் திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். இரும்பு துளி அசைந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

"அனங்கல," என்றாள். அசையவில்லையாம்.

எனக்கு உயிர் வந்தது. பொறுப்பாளர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். முதல் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"இத்தன நாளும் குண்டு வெலகினா துப்பாக்கியக் கொற சொன்னேன். நாளைக்கு வெலகினா அது நானாக்கும்."

பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன். என் சட்டையைப் பிடித்திருந்த அவள் கையின் சுட்டுவிரல், கிழக்கேகோட்டை வரைக்கும் துப்பாக்கி விசையை அழுத்துவதுபோல மடங்கி மடங்கி நீண்டது.