நாற்பது பெண்களுக்கு ஒரே மச்சம்

கண்டிக்கு ரயில் வந்து, கம்பளைக்கு இன்னும் வராத காலம். கம்பளைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கல்யாணமாகி ஐந்து மாதம். எழுதத் தெரிந்தவன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தடித்த ஏடு ஒன்றைக் கொடுத்தார். லயம் என்ற கூலிக் குடியிருப்பில் உள்ள ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கும் மச்சம், தழும்பு எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். யாராவது தோட்டத்தை விட்டு ஓடினால் அந்த அடையாளத்தை வாரண்டில் போட்டுப் பிடிக்கலாமாம். ஆண்கள் கத்தி பட்ட தழும்பைத் தாங்களே காட்டினார்கள். பெண்கள் வரிசையில் முதலில் நின்றவளோ புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எல்லாரையும் அனுப்பிவிட்டு, மனதில் வந்த ஓர் அடையாளத்தை நாற்பது பேருக்கும் எழுதி வைத்தேன்: வலது முழங்கைக்குக் கீழே இரட்டை மச்சம். தமிழ் ஏட்டைத் துரை எங்கே படிக்கப் போகிறார் என்ற தைரியம்தான்.

இரண்டு மாதத்தில் ஒரு பெண் ஓடிப்போனாள். துரை கேட்டார், நான் கூசாமல் அந்த வரியை வாசித்துக் காட்டினேன், அவர் அதை வாரண்டில் எழுதிப் பொலிசுக்கு அனுப்பினார். இல்லாத மச்சத்தை வைத்து யாரைப் பிடிக்க முடியும் என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

அடுத்த ஞாயிறு மனைவியோடு கண்டிக் கோயிலுக்குப் புறப்பட்டேன். பேராதனைப் பாலத்தில் பொலிஸ்காரர்கள் தமிழ்ப் பெண்களை மட்டும் மறித்து நிறுத்தினார்கள். சார்ஜண்டு ஒரு தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். என் வரி. என் மனைவி நீட்டிய வலது கையில், முழங்கைக்குக் கீழே, இரட்டை மச்சம்.

அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த பெண்பிள்ளைக் கை அது ஒன்றுதானே. அன்று மனதில் வந்தது அதுதான்.

"இவ என் பொஞ்சாதிங்க" என்றேன்.

"புடிபடுற எல்லாத்துக்கும் ஒரு புருசன் வந்துர்றான்" என்றார் சார்ஜண்டு.

ஏட்டில் பொய் எழுதினேன் என்று சொன்னால் எனக்கு மறியல், சிறைவாசம். சொல்லாவிட்டால் அவளுக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பேசாமல் நின்றேன். அவளைப் பாலத்தின் மறுகரை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். அதன் பிறகுதான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப ஏட்ட கொண்டா, பாப்பம்" என்றார்.

தோட்டத்துக்கு ஓடினேன். துரையின் காலில் விழுந்து ஏட்டை வாங்கிக்கொண்டு திரும்ப இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் அவளைக் கண்டி மறியலில் வைத்திருந்தார்கள். உள்ளே அவளை என்ன செய்கிறார்களோ என்று நினைத்து நினைத்துச் செத்தேன்.

கோர்ட்டில் ஏட்டை வாசித்தார்கள். ஒரு பெயர், இரட்டை மச்சம். அடுத்த பெயர், இரட்டை மச்சம். பத்தாவது பெயரில் சனங்கள் சிரித்துவிட்டார்கள். அவளை விட்டார்கள். என்னைத் திட்டி அனுப்பினார்கள், வேலையும் போனது. ஓடிப்போன பெண் கடைசிவரை அகப்படவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோசம் உண்டு.

கம்பளை ரோட்டில் நடந்து வரும்போது அவள் ஒன்று கேட்டாள்.

"மத்தவங்க கைய காட்டச் சொல்ல வெக்கப்பட்டீங்க. எங்கைய மட்டும் எப்பிடிங்க ஊருக்கே எழுதிக் குடுத்தீங்க?"

வருசங்கள் போய்விட்டன, கோப்பிக்கு இலைநோய் வந்து தோட்டங்களும் தேயிலைக்கு மாறிவிட்டன. ஆனால் பொலிஸ்காரர் மாதிரித் தொப்பி போட்ட யாராவது வாசலில் வந்து நின்றால் அவள் வலது கை தானாக முந்தானைக்குள் போய்விடுகிறது. அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், அவளை அப்படி ஒளிய வைத்தது என் எழுத்துத்தான் என்று எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.