திங்கட்கிழமை தொங்கிய கைகாட்டி

நீராவி என்ஜினை அழகு என்று சொல்கிறவர்கள் யாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் இல்லை. நான் பார்த்தேன். காலையில் வெள்ளையாக ஸ்டேஷனுக்குள் போவேன், மத்தியானம் சாம்பலாக வெளியே வருவேன். துவைத்துத் துவைத்து என் மனைவிக்குக் கை தேய்ந்தது. ஆனால் இந்தக் கதையில் தப்பு செய்தது என்ஜின் இல்லை.

எழுபதுகளின் கடைசி. டெல்லியிலிருந்து தென்மேற்கே போகும் மீட்டர் கேஜ் பாதையில், ஊர் முடிந்து கடுகு வயல் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே நான் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டு தண்டவாளம், ஒரு பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், எனக்குத் துணையாக ஒரு பாயின்ட்ஸ்மேன். காலை ஆறு மணிக்கு டியூட்டிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வீடு. குவார்ட்டர்ஸ் இருநூறு கஜம் தள்ளி, தண்டவாளத்தை ஒட்டி. நடுவில் பொதி ஷெட் மறைக்கும் என்பதால் ஸ்டேஷனிலிருந்து வீடு தெரியாது.

சிக்னல் என்றால் அப்போது கைகாட்டிதான். கை படுக்கையாக நீட்டிக்கொண்டிருந்தால் நில். கீழே சாய்ந்தால் வா. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதிலிருந்து தரையோடு தரையாக, சின்னச் சின்னக் கப்பிகள் மேல் ஒரு கம்பி ஓடி, கைகாட்டி மரத்தில் போய் முடியும். லீவரை இழுத்தால் கம்பி இழுபடும், கை இறங்கும். விட்டால் கை மேலே போய்விடும். அவ்வளவுதான் விஞ்ஞானம். கை படுக்கையாகவும் இல்லாமல் சாய்ந்தும் இல்லாமல் பாதியில் தொங்கினால் அது கெட்டுப்போன சிக்னல். வண்டி அதன் அடியில் நிற்கும். பாயின்ட்ஸ்மேன் நான் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு ஓடிப்போய் டிரைவரிடம் கொடுத்து, கொடி காட்டி வண்டியை உள்ளே கூட்டி வர வேண்டும். இருபது நிமிஷம் போகும். அந்த இருபது நிமிஷமும் கண்ட்ரோல் ஆபீஸ் போனில் என் உயிரை வாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக்குக் கூட்டம் வரும். கிட்வாய் நகர், லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிற தமிழ் குமாஸ்தாக்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு. நல்ல காற்று வாங்க வருகிறார்களாம். என் மனைவிக்குச் சந்தோஷம். வாரத்தில் ஆறு நாள் அவளுக்குத் தமிழ் பேச என்னைத் தவிர ஆள் கிடையாது. நான் பேசுவதை அவள் பேச்சில் சேர்ப்பதில்லை.

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்பார் ஒரு செக்‌ஷன் ஆபீசர், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "காத்து, வெளிச்சம், வாசல்லயே ரயில்."

"அப்ப நீங்க இங்க வந்துடுங்க. நான் உங்க ஆபீசுக்குப் போறேன்."

"அதெப்படி சார். எங்க வேலையில பொறுப்பு ஜாஸ்தி."

அவர் பையன் என் கையைப் பிடித்து இழுப்பான். "அங்கிள், அந்தக் கை எப்போ நீச்சே வரும்?" கீழே என்பது டெல்லிப் பிள்ளைகள் வாயில் நீச்சேதான்.

மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் கூட்டம் இரட்டித்தது. அதுவரை போதுமாயிருந்த பாய்கள் போதவில்லை. என் மனைவி பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பவானி ஜமக்காளத்தை எடுத்தாள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை போட்டது. பதினைந்து பேர் உட்காரலாம். உட்கார்ந்தார்கள். ரசத்தைக் கொட்டினார்கள்.

அந்த மே மாதத்தில்தான் என் ஹோம் சிக்னல், அதாவது வண்டியை ஸ்டேஷனுக்குள் விடுகிற கைகாட்டி, தொங்க ஆரம்பித்தது. அதுவும் திங்கட்கிழமைகளில் மட்டும். காலை எட்டரைக்குக் கூட்ஸ் வந்து போகும்போது ஒழுங்காக இருக்கும். ஒன்பதரைக்குப் பாயின்ட்ஸ்மேன் வந்து தலையைச் சொறிவான்.

"மாஸ்டர்ஜி, கை தொங்குது."

பத்து மணி பாசஞ்சர் சிக்னல் அடியில் நின்று ஊளையிடும். பால்காரர்கள் ஜன்னலில் தொங்கவிட்ட காலி கேன்களைத் தட்டி என்னைத் திட்டுவார்கள். அடுத்த ஸ்டேஷனிலிருந்து சிக்னல் மிஸ்திரி மத்தியான வண்டியில் வந்து இறங்குவான். அதற்குள் கை நேராகிவிட்டிருக்கும்.

மிஸ்திரி ஹரியானாக்காரன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், ஒல்லி. பேசுவது ஹிந்தி, அதுவும் வாயில் பீடியோடு.

"மாஸ்டர்ஜி, ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"குளிர்ல கம்பி சுருங்கும், அப்ப கை தொங்கும். இப்ப லூ காத்து அனலா அடிக்குது. கம்பி நீளும். நீண்டா கை இறங்கத்தான் முரண்டு பண்ணும், தொங்காது. யாரோ கம்பி மேல உக்கார்றான்."

"நீ ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய்க் குடிச்சிட்டு வர்றே. திங்கக்கிழமை கதை சொல்றே."

"நான் குடிக்கிறதில்ல மாஸ்டர்ஜி. பீடி மட்டும்தான்."

மூன்று திங்கட்கிழமை இப்படி. சிக்னல் இன்ஸ்பெக்டருக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றைவிட ஒன்று காரமாக. கடைசிக் கடிதத்தில், இந்த ஆள் வேலைக்கு லாயக்கில்லை என்றே எழுதினேன். அதைத் தபாலில் போட எடுத்துப்போன பாயின்ட்ஸ்மேன் வாசலில் நின்றான்.

"மாஸ்டர்ஜி, ஹெட் மிஸ்திரி பிரமோஷன் லிஸ்ட்ல அவர் பேர் இருக்கு. பதினோரு வருஷமா காத்திருக்கார். இது போனா பேரை அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும்."

நாலாவது திங்கட்கிழமை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. அதே பத்து மணி பாசஞ்சரில். மிஸ்திரி விடிந்ததும் முதல் வண்டியில் வந்துவிட்டான். கப்பிகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். கூட்ஸ் வந்தது, போனது. கை நேராக நின்றது. ஒன்பது மணிக்கு நின்றது. ஒன்பதரைக்குத் தொங்கியது.

மிஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தான். லீவரிலிருந்து ஆரம்பித்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பாயின்ட்ஸ்மேனைப் போனுக்குக் காவல் வைத்துவிட்டுப் பின்னாலேயே நான். அப்படி ஸ்டேஷனை விட்டுப் போகக்கூடாது. போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

பொதி ஷெட்டைத் தாண்டி, என் குவார்ட்டர்ஸ் பின்னால், மண் வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு. தண்டவாளத்தில் போகிறவர்களுக்கு அது வீட்டின் மறைவு. கம்பி அதை ஒரே தாவாகத் தாண்டும். பள்ளத்தில் இறங்கி நின்றால் நெஞ்சு உயரத்தில் கம்பி. அந்தக் கம்பியில், நடு மத்தியில், சொட்டச் சொட்ட நனைந்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தொங்கியது எங்கள் ஜமக்காளம். காய்ந்திருக்கும்போதே அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மிஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தான். "யாரோ உக்கார்றான்னு சொன்னேனே மாஸ்டர்ஜி" என்றான். "நாலு ஆள் எடை இருக்கும்."

என் மனைவி வாளியோடு வந்தாள். "ஏனுங்க, இந்நேரத்துக்கு வந்துட்டீங்க?"

"இத எத்தன நாளா இங்க போடறே?"

"புள்ளைங்க வர ஆரம்பிச்சதுல இருந்துதானுங்க. கூட்ஸ் வண்டி டிரைவரு ரெண்டு வாளி என்ஜின் வெந்நீர் புடிச்சுக் குடுக்கறாரு. அந்தச் சூட்டுலதான் ரசக் கறை போகுது. தொவச்சு இதுல போட்டா பன்னெண்டு மணிக்கெல்லாம் மொடமொடன்னு காஞ்சுருது."

"அது சிக்னல் கம்பி, அம்மிணி."

"கம்பி மேல பேரு எழுதியா வெச்சிருக்குது? கொடி கட்டிக் குடுங்கன்னு தை மாசத்துல இருந்து சொல்றேன். எங்காச்சும் போடு போன்னு சொன்னது நீங்கதான். முறுக்கமா ஒரு கம்பி போச்சு, போட்டேன்."

சொன்னது நான்தான். தூரத்தில் பாசஞ்சர் புகை தெரிந்தது. மிஸ்திரியும் நானும் ஜமக்காளத்தை உருட்டி இறக்கினோம். கைகாட்டி ஒரு நடுக்கம் நடுங்கி நேரானது. ஸ்டேஷனுக்கு ஓடி லீவரை இழுத்தேன். வண்டி ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல் வந்தது.

எனக்கு மூச்சு வந்தது. இனி ஜமக்காளம் கம்பிக்கு வராது, சிக்னல் தொங்காது, யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்து என் மூன்று கடிதங்களையும் மேஜைமேல் பரப்பினார். மிஸ்திரியைப் பார்த்தார்.

"நான் வர்றேன்னு தெரிஞ்சதும் சிக்னல் நிமிர்ந்து நிக்குது. மத்த மூணு திங்கக்கிழமை தூங்கிச்சு. மாஸ்டர் எழுதினது சரிதான் போல."

மிஸ்திரி என்னைப் பார்த்தான்.

"சொல்லு. என்ன சொல்றே?"

"மாஸ்டர்ஜிக்குத் தெரியும் சாப். அவரையே கேளுங்க."

மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவன் என்று எனக்கு அந்த லைனில் ஒரு பேர் உண்டு. அடுத்தவனைப் பற்றி அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல எந்தத் தைரியமும் வேண்டாம் என்பது அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். வெளியே பாயின்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்தான். மிஸ்திரி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப், கம்பியில கோளாறு ஒண்ணும் இல்ல. என் வீட்டு தரி" என்றேன்.

"என்ன தரி?"

"ஜமக்காளம். ஈரமா. சிக்னல் கம்பி மேல காயப்போட்டிருக்கு. நாலு வாரமா."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. செய்து காட்டச் சொன்னார். எல்லோரும் பள்ளத்துக்குப் போனோம். ஜமக்காளத்தைப் போட்டோம், கை தொங்கியது. எடுத்தோம், நிமிர்ந்தது. இன்னொரு முறை என்றார். மூன்றாவது முறை கேட்டபோது அது விசாரணைக்காக இல்லை, அவருக்கே வேடிக்கையாகிவிட்டது.

"ஏனுங்க, தொவச்சத மறுபடியும் மண்ணுல பொரட்டாதீங்கன்னு அந்த ஆபீசர்கிட்டச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

நான் சொல்லவில்லை.

மூன்று கடிதங்களையும் இன்ஸ்பெக்டர் கிழித்தார். அதற்குப் பதில் என் பேருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்து பைலில் உட்கார்ந்தது. நியாயம்தான். மிஸ்திரியின் பேர் லிஸ்டில் அப்படியே இருந்தது. மழைக்காலத்தில் அவனுக்கு ஹெட் மிஸ்திரி ஆர்டரும் வந்தது.

அதற்கு முன்னால், ஒரு நாள் மத்தியானம் இரண்டு பழைய தண்டவாளத் துண்டும் கழித்துப்போட்ட சிக்னல் கம்பியும் எடுத்துக்கொண்டு என் வீட்டுப் பின்னால் வந்தான். குழி தோண்டித் துண்டுகளை நட்டான். கப்பி வைத்துக் கம்பியை இழுத்துக் கட்டினான். லூ அடித்தபோது அது கும்மென்று சத்தம் போட்டது.

"இன்ஸ்பெக்டர் கேட்டப்பவே நீ சொல்லியிருக்கலாமே" என்றேன். "உன் வேலைதானே போக இருந்தது."

"நீங்க மூணு தடவ எழுதினீங்க மாஸ்டர்ஜி. ஒரு தடவ வாயால சொல்றீங்களான்னு பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நான் சொல்லியிருப்பேன். எனக்கென்ன பைத்தியமா."

கம்பியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அது அசையவில்லை. என் மனைவி கொடுத்த காப்பியை முகம் சுளித்துக் குடித்துவிட்டுப் போனான். நான் மன்னிப்பு கேட்கவில்லை. எனக்கு அது வராது. காப்பியில் சர்க்கரை கூடப் போடச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணி பாசஞ்சர் சரியான நேரத்துக்கு உள்ளே வந்தது. என்ஜின் என் வெள்ளைச் சட்டைமேல் கரியைத் தூவிக்கொண்டு கடந்தபோது, டிரைவர் வெளியே தலையை நீட்டினான்.

"மாஸ்டர்ஜி, தரி காஞ்சுதா?"

அங்கிருந்து நான் மாற்றலாகிப் போகிற நாள்வரை, அந்த லைனில் ஒரு டிரைவர்கூட எனக்கு நமஸ்தே சொல்லவில்லை. எல்லோரும் இதையேதான் கேட்டார்கள்.