சத்தம் வராத மாட்யூல்

பின்லாந்தின் ஔலு நகரத்து மென்பொருள் அலுவலகத்தில் யாராவது "பிழையே இல்லை" என்று சொன்னால் ரைலி ஹௌதகோஸ்கிக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். கடல் பனியை உடைக்கும் கப்பலின் எஞ்சின் சூட்டை அளக்கும் நிரல் அன்றே கப்பலுக்குப் போயாக வேண்டும். இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்த்துக் கட்டியபோது, பிழை தேட உதவும் செய்திகள் வந்தன. கெர்னலில் பிறகு செருகும் தனித் துண்டாக, அதாவது மாட்யூலாக, ஏற்றியதும் ஒன்றுகூட வரவில்லை.

"சத்தமே இல்லன்னா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்? அனுப்பிடலாம்," என்றான் கூட வேலை செய்யும் யுர்கி.

"ஃபயர் அலாரத்துல பேட்டரியக் கழட்டினாலும் சத்தம் வராதுப்பா," என்றாள் ரைலி.

மாட்யூலின் பகுதிகளை அடுக்கும் லிங்கர் ஸ்கிரிப்டைத் திறந்தாள். செய்திகள் இருந்த பகுதியை நிரலில் எதுவும் நேராகத் தொடாததால், வேண்டாத சுமை என்று லிங்கர் கழித்துக் கட்டியிருந்தது. கெர்னலின் ஸ்கிரிப்டில் "இதைக் கழிக்காதே" என்றிருந்த வரி இதில் இல்லை. யுர்கி முணுமுணுக்க முணுமுணுக்க, அதைச் சேர்த்து மறுபடி கட்டி ஏற்றினாள்.

செய்திகள் கொட்டின. சூடு ஏறும்போதெல்லாம் நிரல் பழைய அளவையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

யுர்கி போனை எடுத்தான்.

"இன்னிக்கு நிரல் வராதுன்னு கப்பல்காரங்ககிட்ட நானே சொல்றேன். திட்டு வாங்கறதுக்காவது நான் லாயக்கா இருக்கட்டும்."