கல்லறை வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

நான் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சப்பாத்து கதவடியிலும் மற்றது மாடிப்படியடியிலும் கிடக்கும். இருபத்தாறு வருடங்களாக மனைவி இதற்காகக் கத்துகிறாள். நானும் இருபத்தாறு வருடங்களாக, நாளையிலிருந்து ஒழுங்காக வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு நடை ஒரு ஆள் போகும் அகலம்தான். அதில் தடக்குகிறவர் நேரே குசினி அடுப்படியில்தான் போய் விழுவார். இந்தக் கெட்ட பழக்கத்தால் என் வேலையே போகப் பார்த்தது.

பெற்றோல் ஸ்டேசனை முதலாளி விற்ற பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரனை யார் எடுப்பார்கள்? கடைசியில் ஒரு மியூசியம் எடுத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிழை விடாவிட்டால் நிரந்தரம், விட்டால் திரும்பவும் வீடு. கழுத்துக்கு நீல ரை, கறுப்புக் கோட், கறுப்புச் சப்பாத்து எல்லாம் அவர்களே தந்தார்கள். மனைவி அதற்குள் கோவிலில் எல்லோரிடமும் நான் மியூசியத்தில் ஒபிசர் என்று சொல்லிவிட்டாள். இந்த வேலை போனால் நாங்கள் கோவிலையும் மாற்ற வேண்டிவரும்.

என்னை நிறுத்திய மண்டபத்தில் ஒரு கல்லறை இருந்தது. அசல் அல்ல. சார்டினியாத் தீவில் பல ஆயிரம் வருடங்களுக்கு முந்திய சனங்கள் செத்தவர்களுக்காகப் பாறையைக் குடைந்து அறைகள் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றை அளவு பிசகாமல் வார்த்து இங்கே வைத்திருந்தார்கள். குனிந்துதான் உள்ளே போகலாம். சுவரெல்லாம் காவிச் சிவப்பு, வாசலுக்கு மேலே செதுக்கிய மாட்டுக்கொம்புகள். உள்ளே எதிர்ச்சுவரில் நிலையெல்லாம் வைத்து ஒரு கதவு. அது திறக்காது, பாறையிலேயே செதுக்கிய பொய்க்கதவு. முதல் கிழமையிலேயே இரண்டு பேர் அதைக் கழிப்பறை என்று நினைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். இன்னொருவர் மெல்லத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியே வரட்டும் என்று மரியாதையாகக் காத்து நின்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாள் காலையைப் பற்றி. விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கத் தனியாக உள்ளே போனேன். தலையை உயர்த்தினால் கூரையில் மரவீட்டில் போல வளை, கைமரம் எல்லாம் செதுக்கியிருக்கிறது. கல்லுக்கு என்னத்துக்குக் கைமரம்? நிலத்தின் நடுவே வட்டமாக ஒரு அடுப்பு. சமைக்க ஆளில்லை, அடுப்பு மட்டும் இருக்கிறது. செத்தவர் தன் வீட்டிலேயே இருக்கிறதாக நினைக்கட்டும் என்று யாரோ மினைக்கெட்டுக் கொத்தியிருக்கிறார்கள். கீழே பார்த்தால் காலில் சொக்ஸ் மட்டும். சப்பாத்தை எப்போது கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

வெளியே வந்தபோது மியூசியம் திறந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் என் சப்பாத்துடன் இன்னும் ஐந்து சோடிகள் கிடந்தன. வெள்ளைக்காரருக்கு ஒரு விதி இருக்கிறது போலத் தெரிந்தால் போதும், ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு கிழவர் அப்போதுதான் மூச்சு வாங்க வாங்கத் தன் லேசை அவிழ்த்து முடித்திருந்தார். அவரிடம் போய், தேவையில்லை ஐயா, திரும்பப் போடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? குனிந்து உள்ளே போக அவருக்கு வழி விட்டேன். மத்தியானம் வாசலில் கால் வைக்க இடமில்லை. அடுத்த நாளும் அப்படித்தான், ஏனென்றால் காலையில் முதலில் கழற்றுகிறவன் நான்.

இரண்டாம் கிழமை மேலதிகாரி அம்மா அந்தப் பக்கம் வந்து, குப்புறக் கிடந்த ஒரு சப்பாத்தில் தடக்கிச் சுவரைப் பிடித்துத் தப்பினார். அதைத் தூக்கிப் பார்த்தார். மியூசியம் தந்த சப்பாத்து. அங்கே மியூசியம் தந்த கோட்டுடன் சொக்ஸில் நின்றவன் நான் ஒருவன்தான். மறுநாள் காலை தன் கந்தோர் அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு நடந்ததை வீட்டில் சொன்னேன். மனைவிதான் வழி சொன்னாள்.

“சுகர் எண்டு சொல்லுங்கோ. கால் வீங்கினது, சப்பாத்துப் போட ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

றெயினில் விக்டோரியா ஸ்டேசன் வரை அந்தப் பொய்யை ஆங்கிலத்தில் பாடமாக்கினேன். கந்தோரில் மேலதிகாரி அம்மாவுடன் இன்னொரு பெண்ணும் இருந்தார். அந்தக் கல்லறைகளையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பேராசிரியை, சார்டினியாவிலிருந்து கண்காட்சியைப் பார்க்க வந்தவர். ஏன் கழற்றினீர்கள் என்று அவர்தான் கேட்டார். சுகர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அது ஒருவருடைய வீடு, மேடம்,” என்றேன். “ஆட்கள் இல்லை என்பதற்காகச் சப்பாத்தோடு உள்ளே போகலாமா?”

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பேராசிரியை தன் கால்களைப் பார்த்தார். பெரிய பூட்ஸ். செத்தவர்களுக்குக் கட்டிய வீடு என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு நாளும் இதைக் கழற்றவில்லை என்றார். அவர் முகம் சிவந்துவிட்டது. மேலதிகாரி அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, இத்தனை பேர் போய்வந்தும் சுவரின் அடியில் உதைபட்ட தடம் இல்லைதான், சிவப்பும் உரியவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

பத்து நாளில் வாசலில் அறிவிப்புப் பலகை வந்தது. பக்கத்தில் இலக்கம் போட்ட அடுக்குத் தட்டுகளும், சப்பாத்தைத் தருகிறவருக்குக் கொடுக்க அதே இலக்க அட்டைகளும் வந்தன. மூன்று மாதம் முடிந்ததும் எனக்கு நிரந்தரக் கடிதமும் வந்தது. அதில் என் பதவிக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் ஒன்று. நேராகச் சொன்னால் தேர்த்திருவிழாவில் செருப்புப் பார்க்கிற வேலை. வீட்டில் நான் பெரிய பெயரை மட்டும்தான் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மனைவி ஒபிசரைக் காட்டக் கோவில் சிநேகிதிகள் மூவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் அப்போது முழங்காலில் இருந்து, யாரோ கழற்றி எறிந்த பூட்ஸுக்குச் சோடி தேடிக்கொண்டிருந்தேன். எங்காவது ஒளிக்கலாம் போலிருந்தது. பக்கத்திலேயே குடைந்த பாறை ஒன்று இருந்தும் அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். தட்டுகளில் முனை பிசகாமல் சோடி சோடியாக அடுக்கியிருந்த சப்பாத்துகளை மனைவி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தன்னுடையதைக் கழற்றி என் கையில் தந்தாள்.

“இருபத்தாறு வருசமாக் கத்துறன்,” என்றாள். “ஊராற்ற சப்பாத்தெண்டா உங்களுக்குச் சோடி சேர்க்கத் தெரியும், என்ன?”

நான் அவளிடம் பதினேழாம் இலக்க அட்டையைக் கொடுத்தேன்.