பல்லைவிட்டுக் கழிப்பறைக்கு

பி.டி.எஸ். முடித்த பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வேலை என்று சொல்வது மரியாதைக்கு. பெரிய டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருப்பேன். அவர் சாப்பிடப் போனால் பிடுங்குவது என் பொறுப்பு. அப்படி ஒரு மதியம், பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை செய்யும் ஓர் அக்கா கன்னம் வீங்கி வந்தார். கடைவாய்ப் பல்லில் சீழ். மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

“தண்ணி குடிச்சா எங்க போறது டாக்டர்?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கடையின் மூன்றாவது மாடியில் வாடிக்கையாளர்களுக்குப் பளபளவென்று கழிப்பறை இருக்கிறது. வேலை செய்யும் பெண்கள் அதில் நுழையக் கூடாது. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். போவதற்கு சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் ஆம்பளை, கேட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆகவே காலையில் வீட்டில் அரை டம்ளர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மீதி.

“வருசக்கணக்கா இப்படித்தான் ஓடிக்கினு இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்தபடி போய்விட்டார்.

அந்த நிமிடம் என் வாழ்க்கை மாறியது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அடுத்த ஆள் வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அக்காவை மறந்துவிட்டேன். மறுபடி நினைத்தது நாலைந்து மாதம் கழித்து, எனக்குத் தேவைப்பட்டபோது.

பல் மருத்துவத்திலேயே மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தேன். கூடப் படித்தவள் ஒருத்திதான் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு இருப்பதைச் சொன்னாள். சென்னையில், இரண்டு வருடம். டாக்டர், நர்ஸ், சித்த வைத்தியர், மாட்டு டாக்டர் எல்லோரும் சேரலாம். உதவித்தொகையும் கிடைக்கும். “யார் வாயையும் பாக்க வேணாம்டி” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விண்ணப்பித்தேன்.

விண்ணப்பத்தில் ‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எச்சில் சலித்துவிட்டது என்று எழுத முடியுமா? பட்டுக்கடை அக்காவை எழுதினேன். கூடுதலாக அவரைக் கொஞ்சம் அழவும் வைத்தேன். நேர்முகத் தேர்வில் எதிரே இருந்த பேராசிரியை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது.

முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் இதை விளக்குவதற்குத்தான் சிரமப்பட்டேன். அப்பா கரண்ட் கம்பம் ஏறும் லைன்மேன். பெண்ணை டாக்டர் என்று ஊரில் சொல்லிப் பழகியவர். “பல்லு புடுங்கறது ஒரு தொழில்மா. இது இன்னா தொழில்?” என்றார். நோய் வந்த பிறகு பார்ப்பது மருத்துவம், வராமல் பார்ப்பது பொதுச் சுகாதாரம் என்றேன். “வராதவன் எதுக்கு உனக்கு ஃபீஸ் குடுப்பான்?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், சபைப் பிள்ளை ஒருத்தி பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறாள் என்று அறிவித்து எனக்காக ஜெபம் பண்ணினார். மறுநாள் காலை எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றார். “எங்க கால்வா அடைச்சிக்கினு நாறுதுமா. ஒரு ஆள அனுப்பி வை.”

முதல் வருடம் புள்ளியியலோடு மல்லுக்கட்டினேன். இரண்டாம் வருடம் ஆய்வேடு. கண்ணாடி துடைத்த அதே பேராசிரியைதான் எனக்கு வழிகாட்டி. நான் காஞ்சிபுரம் என்றதும் நெசவாளர்களின் முதுகுவலியைப் பற்றிச் செய்யச் சொன்னார். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தெருவில் போய் விசாரித்தேன். தறியில் உட்கார்ந்திருந்தவர் இறங்காமலே, “போன வருசமும் ஒரு பொண்ணு வந்து முதுக அளந்துக்கினு போச்சு. முதுவு அப்படியேதான் இருக்குது, போய் அதுகிட்ட கேட்டுக்க” என்றார். திரும்பிப் போய், பட்டுக்கடைப் பெண்களையும் கழிப்பறையையும் பற்றிச் செய்கிறேன் என்றேன். மேடத்துக்கு ரொம்பச் சந்தோஷம். விண்ணப்பத்தில் எழுதியதை நான் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கல்லூரிக் கடிதத்தோடு மூன்று கடைகள் ஏறினேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். மேனேஜர் எழுந்து வரவேற்பார். “வாங்கமா, கல்யாணத்துக்கா?” ஜூஸ் வரும். கடிதத்தைப் படிப்பார். ஜூஸ் பாதியில் நிற்கும். “ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றோம்.” ஒருவர்கூடச் சொல்லவில்லை.

என் புலம்பலைக் கேட்ட அம்மாதான் வழி சொன்னார். “புடவை எடுக்க வர்றவள எவன்டி தடுப்பான்?”

எனக்கு மாப்பிள்ளை பார்த்து அலுத்திருந்தவர் அம்மா. மாப்பிள்ளை இல்லாமலே கல்யாணப் புடவை பார்க்கும் வாய்ப்பை அவர் விடுவாரா? மறுநாளே கிளம்பினோம். வெள்ளை மெத்தையில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, சர்ச் கல்யாணத்துக்குச் சந்தன நிறத்தில் வேண்டும் என்றார். எதிரே நின்ற பெண் ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தாள். உட்கார ஸ்டூல் இருந்தது. அதன்மேல் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது புடவையில் அம்மா கேட்டார். “காலையிலேந்து நின்னுக்கினே இருக்கியே, ஒண்ணுக்கு வந்தா எங்கமா போவ?”

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. “முந்தானையப் பாத்துக்கினே பேசுங்கமா, மேல கேமரா இருக்குது” என்றாள். பிறகு முந்தானையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எரிச்சல், காய்ச்சல், மாதவிலக்கு நாட்களில் படும் பாடு, முகூர்த்த நாளில் மத்தியானச் சாப்பாடே கிடையாது என்பது. நான் புடவையைப் போட்டோ எடுப்பதுபோல் போனில் குறித்துக்கொண்டேன். எட்டு நாளில் நாலு கடை. கேள்வித்தாளை வைத்து நான் ஒரு மணி நேரம் கேட்டாலும் வராத பதில், அம்மாவுக்கு ரெண்டே நிமிடத்தில் வந்தது. நாலாவது கடையில் அவர் ஆராய்ச்சியை மறந்து நிஜமாகவே ஒரு புடவையை எடுத்துவிட்டார்.

குறிப்புகளை மடிக்கணினியில் தட்டச்சு செய்து பெருமையோடு மேடத்திடம் நீட்டினேன். நாலு பக்கம்வரை தலையாட்டிக்கொண்டே படித்தவர் நிமிர்ந்தார்.

“ஒப்புதல் படிவம் எங்க?”

“வாய்மொழியா கேட்டோம் மேடம்.”

“யார் கேட்டது?”

“அம்மா.”

“அம்மா என்ன சொல்லிக் கேட்டாங்க?”

“கல்யாணப் புடவை வேணும்னு.”

மேடம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். “அத்தனையும் அழி. இப்பவே, என் முன்னாடி.”

அந்தப் பெண்களின் நல்லதுக்காகத்தானே செய்தேன் என்று வாதாடினேன். மேடம் குரலை உயர்த்தவே இல்லை. “அவங்க நல்லதுக்குத்தான் அந்தக் கேமராவும் வெச்சிருக்கேன்னு முதலாளியும் சொல்லுவார்” என்றார்.

அழித்தேன். நெறிமுறை வகுப்பில் தூங்கியதற்குக்கூட நான் வெட்கப்பட்டதில்லை. கேமராவையும் என்னையும் அவர் ஒரே தட்டில் வைத்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை அதுவரை நான் யோசித்தே பார்க்கவில்லை.

கடைக்குள் பேச முடியாது. கடைக்கு வரும் வழியில் பேசலாம். கடைப் பெண்களில் நிறையப் பேர் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். விடிந்ததும் முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து வாலாஜாபாத், இறங்கி அதே பஸ்ஸில் மறுபடி காஞ்சிபுரம் என்று போக ஆரம்பித்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் ஆராய்ச்சி பிழைத்தது. முதல் நாள் கண்டக்டர், “தூங்கிட்டியாமா? எறங்கற எடம் போயிடிச்சு” என்றார். ஒரு வாரம் கழித்து என் தலையைப் பார்த்ததும், “சுகாதாரம் ஏறிடிச்சு, ரைட்” என்று விசிலடித்தார்.

அந்தப் பஸ்ஸில்தான் பல்வலி அக்கா இருந்தார். அவரே என்னைக் கண்டுபிடித்தார். “வாயத் தொற வாயத் தொறன்னு உசிர எடுத்தது நீதானே?”

மேடத்தின் பாடம் அப்போது சூடாக இருந்ததால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கதையை அவரைக் கேட்காமல் விண்ணப்பத்தில் எழுதியது, அதில் அவரை அழவைத்தது, அதனால் எனக்கு இடம் கிடைத்தது.

அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “அழுதேனா நானு?”

“இல்லக்கா.”

“என் பேரச் சொல்லி நீ சீட்டு வாங்கிக்கின. அந்தப் பல்லு எனக்கு இன்னும் வலிச்சிக்கினுதான் இருக்குது.”

அந்த வாரமே அவரைப் பழைய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், பெரிய டாக்டரிடம் கெஞ்சி, வேர் சிகிச்சையை நானே செய்தேன். அதற்குப் பிறகுதான் அவர் என் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். ‘ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறீர்கள்?’ என்று முதல் கேள்வி.

“இதுக்கு எவ பதில் சொல்லுவா? எத்தினி மணியிலேந்து எத்தினி மணி வரைக்கும் அடக்கிக்கினு இருப்பன்னு கேளு. வரிசையா சொல்லுவாளுங்க.”

மாற்றி எழுதினேன். மாற்றிய கேள்விக்குக் கல்லூரி நெறிமுறைக் குழுவின் சம்மதம் மறுபடி வேண்டும். குழுவில் இருந்த ஒரு வழக்கறிஞர், ‘அடக்குவது’ என்பதற்கு இன்னும் கண்ணியமான சொல் கிடைக்காதா என்று கேட்டார். அடக்குவதில் என்ன கண்ணியம் சார் என்று மேடம் கேட்டுவிட்டார். சம்மதம் வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு வேலை தானாக நடந்தது. எந்தப் பெண்ணிடம் பேசலாம், யாருடைய நாத்தனார் சூப்பர்வைசர் வீட்டில் இருக்கிறாள், யார் பக்கத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒவ்வொருத்தியிடமும் படிவத்தைப் படித்துக் காட்டினேன். கடைப் பெயர் எழுத மாட்டேன், உங்கள் பெயர் எழுத மாட்டேன், வேண்டாமென்றால் பாதியில் நிறுத்தலாம் என்றேன். சிலர் வேண்டாம் என்றார்கள். முன்பானால் கோபம் வந்திருக்கும்.

ஆய்வேடு முடிந்தது. புறத்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “கடையில் ஆண்களும் வேலை செய்கிறார்களே, அவர்கள் எங்கே போகிறார்கள்?” நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அசடு வழிந்தேன். ஆனாலும் தேறினேன்.

கண்டதை முதலில் அந்தப் பெண்களிடம்தான் சொல்ல வேண்டும் என்பது மேடத்தின் நிபந்தனை. ஆகவே தேர்வுக்கு முன்பே, ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்த கையோடு, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி எரிச்சல், ஒரே மாதிரி காய்ச்சல் என்று கேட்டதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தனக்கு மட்டும்தான், தன் உடம்புதான் சரியில்லை என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரச் சட்டமே இருக்கிறது என்றும் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அடுத்த சில நாளில், ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மெத்தையில் மூன்று கல்யாணக் கோஷ்டி உட்கார்ந்திருக்கும்போது, அக்காவின் மாடியில் வேலை செய்யும் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் சூப்பர்வைசரிடம் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வருகிறோம் என்றார்களாம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விரித்துப் போட்ட புடவைகளையும், எடுத்துக் காட்ட ஆளில்லாத மெத்தையையும், மணப்பெண்ணின் அம்மா ஒருத்தி எழுந்திருப்பதையும் பார்த்தார். மேனேஜர் ஓடிவந்து மூன்றாவது மாடிக் கழிப்பறையைக் காட்டிவிட்டார். அன்றைக்கு மட்டும் என்றுதான் சொன்னார். மறுநாள் பெண்கள் கேட்காமலே போனார்கள்.

சும்மா விடுவார்களா? யார் கிளப்பிவிட்டது என்று விசாரித்து அக்காவைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். என்னால்தானே என்றேன்.

“உன்னாலயா? நீ அன்னிக்கு எங்க இருந்த?” என்று கேட்டார். “குடோன்ல நாற்காலி இருக்குது. பாத்ரூமும் பக்கத்துலயே இருக்குது. கஸ்டமர் மூஞ்சிய பாத்து சிரிக்க வேணாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா எப்பவோ சண்டை போட்டிருப்பேன்.”

முனைவர் பட்டத்துக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். இரண்டு இடங்களிலிருந்து வருந்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. மூன்றாவது இடத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் ஆய்வால் என்ன விளைவு ஏற்பட்டது என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். அப்படியானால் உங்கள் ஆய்வுதான் கழிப்பறையைத் திறந்தது என்று சொல்லலாமா என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லை சார். அவர்கள் கதவைத் திறந்தபோது என் ஆய்வேடு பைண்டிங்கில் இருந்தது.”

யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு பெண்மணி மட்டும் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். இடம் கிடைத்தது.

இப்போது வாலாஜாபாத் பக்கத்து அரிசி மில்களில் வேலை செய்யும் பெண்களின் இருமலைப் பற்றிச் செய்கிறேன். போன மாதம் ஒரு மில் முதலாளியிடம் கடிதத்தோடு போனேன். அவர் அதோடு இருந்த ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தார். இதுவரை எந்த மேனேஜரும் செய்யாதது. முடிவுகள் முதலில் தொழிலாளர்களிடமும் பிறகு நிர்வாகத்திடமும் தெரிவிக்கப்படும் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“மில் என்னுது. எனக்கு ஏம்மா அப்புறம்?”

“நெஞ்சு அவங்களுது சார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் தவிட்டுத் தூசு படிந்த காகிதங்களைப் புரட்டிப் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.