முளைத்த பேரீச்சங்கொட்டை

அருப்புக்கோட்டையில் போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் பொது அறிவு நடத்துவது என் பிழைப்பு. தப்பான தகவலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் யார் எதை அனுப்பினாலும் திருத்தாமல் விடமாட்டேன். அதனாலேயே சொந்தக்காரர்கள் பாதிப்பேர் எனக்கு எதையும் அனுப்புவதில்லை.

நான் சொல்வதை ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் என் மதினி, அண்ணன் மனைவி. திருச்சுழியைத் தாண்டி அவர்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், “இந்த வாரம் என்ன புதுசு?” என்பார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று ஒருமுறை சொன்னேன். வகுப்பில் அதைச் சொன்னபோது எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மதினி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, “மூணு நெஞ்சா? அப்ப அது எம்புட்டுக் கவலப்படும்!” என்றார். ஒரு தகவல் சுவையாவது, அது போய்ச் சேருகிற ஆளைப் பொறுத்தது. இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, மதினியிடம் கண்டது.

எங்கள் பக்கம் புழுதி விதைப்பு உண்டு. மழை வருமென்று நம்பி, காய்ந்த கரிசலிலேயே முன்கூட்டி விதைத்துவிடுவார்கள். டிராக்டர் கீறிய சாலில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டே போவார் மதினி. மற்றவர்கள் ஒவ்வொரு விதையாகப் போட, அவர் இரண்டிரண்டாகத்தான் போடுவார். விதை வீணாகிறதென்று அண்ணன் சத்தம் போட்டால், “ஒத்தையில எப்பிடி மொளைக்கும்? தொணைக்கு ஒண்ணு வேணாமா?” என்பார். முளைத்துக் கொஞ்சம் தலைதூக்கியதும், சோடியில் நோஞ்சானாக இருப்பதை அவரே பிடுங்கிவிடுவார்.

போன புரட்டாசியிலும் அப்படித்தான் விதைத்தார். அந்த வாரமே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

மழையும் வரவில்லை. தீபாவளி போயிற்று. அண்ணன் மதினியின் பேரைக்கூட எடுக்காமல் இருந்தார். ஒரு ஞாயிறு நான் போனபோது, டிராக்டர்காரருக்குப் போன் போட்டுக் காதில் வைத்தபடியே என்னிடம் சொன்னார்.

“வெதையெல்லாம் செத்துப்போச்சு தாயி. அழிச்சு உழுதுட்டுச் சும்மா போட்டுரப் போறேன்.”

மதினி கடைசியாகக் கைவைத்த மண் அது. என்ன சொல்லித் தடுப்பதென்று தெரியாமல் வாய்க்கு வந்த தகவலைச் சொன்னேன்.

“அண்ணே, பாலைவனத்துல ஒரு பழைய கோட்டையில கெடந்த பேரீச்சங்கொட்டை, ரெண்டாயிரம் வருசம் கழிச்சு மொளச்சிருக்கு.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். “நெசமாவா?”

“நெசம்ணே.”

பேரீச்சை வேறு, மக்காச்சோளம் வேறு. அந்தக் கோட்டையின் வறட்சி வேறு, நம் புஞ்சையின் எறும்பும் சூடும் வேறு. இன்னொருவர் இப்படி முடிச்சுப் போட்டிருந்தால் அங்கேயே பிடித்துக் காய்ச்சியிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அண்ணன் புஞ்சைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். குத்தவைத்து விரலால் புழுதியைக் கிளறி, ஒரு விதையை எடுத்து ஊதிப் பார்த்தார். அதே இடத்தில் திரும்பப் புதைத்தார்.

“இத அவகிட்டச் சொல்லியிருந்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பா,” என்றார். மதினி போனபிறகு அவரைப் பற்றி அண்ணன் பேசிய முதல் பேச்சு அது. டிராக்டர் வேண்டாமென்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் மழை இறங்கியது. சில நாள் கழித்து, நான் வகுப்பில் இருக்கும்போது அண்ணன் போன் செய்தார்.

“மொளச்சிருச்சு தாயி. அங்கிட்டும் இங்கிட்டுமாத்தான். ஆனா மொளச்ச எடத்துலயெல்லாம் சோடி சோடியா நிக்கிது.”

சந்தோசம்ணே என்றேன்.

“ஒண்ணப் புடுங்கணுமே தாயி,” என்றார். “எதப் புடுங்க?”