அக்கா எழுதிய கடைசி அத்தியாயம்

எங்களை ஆளாக்கி, போன வருடம் மறைந்த அருமை அக்காவைப் பற்றி நினைவு மலருக்கு எழுதச் சொல்லி, அப்பா என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டார். உங்களுக்குச் சங்கடமான விஷயமும் வருமே என்றேன். நடந்ததை எழுது என்றார்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில். அப்பா தாராவியில் மளிகைக் கடை போட்டபோது கைக்குழந்தையாகப் பம்பாய் வந்தார். அம்மா காலமானபின் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டே தாமும் படித்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையானார். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏழாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்படுவது அக்காவுக்குப் பொறுக்காது. அந்த வயதுப் பெண்களுக்கென்றே கதை எழுத உட்கார்ந்தார். சென்னை வார இதழ் ஒன்றில் இரண்டு தொடர்கதைகள் வந்து புத்தகமாயின. பொம்பளப் பிள்ளைகளைக் கெடுக்கா என்று கடைக்கே வந்து அப்பாவிடம் முறையிட்டவர்கள் உண்டு. அக்கா அசரவில்லை.

மூன்றாவது கதையில், தாய்மாமனுக்குப் பேசி முடித்த பெண் கல்யாணத்தை மறுத்து எஸ்.எஸ்.சி. பள்ளியிறுதிப் பரீட்சைக்குப் போகிறாள். அக்காவின் பழைய மாணவி ஒருத்திக்கும் வீட்டில் அதே நெருக்கடி. கதைப்பெண் செய்வதைத்தான் நானும் செய்வேன் டீச்சர் என்று சொல்லி, வாராவாரம் மாதுங்கா ஸ்டேஷனில் இதழ் வாங்குவாள்.

கடைசி அத்தியாயத்தை அனுப்பிய கையோடு அக்கா படுத்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு என்று சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எங்கள் வீட்டில் பெண்கள் பெயருக்குத் தபால் வரக்கூடாது. அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயந்து அக்காவின் கடிதங்களும் அப்பா பெயருக்கே வரும். அத்தனை எழுதிய அக்கா இதை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே பத்திரிகை ஆசிரியரின் கடிதத்தை அப்பாதான் பிரித்தார். பெற்றோர்கள் ஆட்சேபிப்பார்கள், தாய்மாமனோடு கல்யாணத்தில் முடித்தால்தான் போட முடியும், சம்மதமா என்று கேட்டிருந்தது. அக்காவிடம் கேட்க வேண்டாமா என்றேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்குத்தான் ஒரு கல்யாணத்தச் செஞ்சு பாக்கக் குடுத்து வைக்கல. கதையில வார பிள்ளைக்காவது நடக்கட்டுமே."

சம்மதம் என்று அப்பா சொல்ல, எழுதியது நான். தபாலில் போட்டதும் நான்.

இதழ் வந்தது. அக்காவுக்குப் பார்வை மங்கியிருந்தது. என்னை வாசிக்கச் சொன்னார். அச்சில் தாலி கட்டி முடித்திருந்தார்கள். படியெடுத்துக் கொடுத்தவள் நானல்லவா, அக்கா எழுதியதையே நினைவிலிருந்து சொன்னேன்.

"ஒரு வரிகூட மாத்தலியாட்டி?"

"இல்லக்கா."

"அப்பம் அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் போயிருவா."

நான்காம் நாள் அக்கா போய்விட்டார். எத்தனை பேர் தாங்கியும் நிறுத்தி வைக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் துக்கம் கேட்க அந்த மாணவி தாயோடு வந்தாள். மாமனுக்குச் சரி சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "டீச்சரே கடைசியில அப்பிடித்தான எழுதியிருக்காங்க" என்றாள். அவள் தாய் அக்காவின் படத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்லாமல் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன், பாவி. மறுவாரம் துணிந்து போனபோது வீடு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்த காட்கோபர் சித்தப்பா வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த தாராவி அன்பர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி அனுப்பிய பக்கத்துவீட்டு ராவுத்தர் குடும்பத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா எழுதிய கதையில் அந்தப் பெண் பரீட்சைக்குத்தான் போனாள். கல்யாணம் செய்து வைத்தது நாங்கள்.